கொலை வழக்கில் ஆயுள் தண்டனை: ஆதாரம் போதவில்லை என்று மேல்முறையீட்டில் எப்படி வாதிடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய தம்பிக்குத் தென்மாவட்டம் ஒன்றின் அமர்வு நீதிமன்றம் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்திருக்கிறது. சம்பவம் நடந்தது 2019-இல். வெட்டியதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. முந்தின நாள் இரவு இறந்தவரும் தம்பியும் டாஸ்மாக் வாசலில் ஒன்றாக நின்றார்கள் என்று ஒரு சாட்சி, தம்பி எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஓர் அரிவாள், ஒரு மளிகைக் கடையின் சிசிடிவி பதிவு, இவ்வளவுதான் வழக்கு. "ஆதாரமே இல்லாமல் தண்டித்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் முதலிலிருந்து விசாரிப்பார்களா? தம்பி அங்கே பேச முடியுமா? நாங்கள் புதுச் சாட்சி கொண்டுபோகலாமா?" என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் பதில், ஏறக்குறைய இல்லை என்பதுதான். அதனால் மனம் தளர வேண்டாம். உங்கள் தம்பியுடைய வழக்கு மாதிரியான ஒன்றில் புதிதாக எதுவும் சேர்க்காமல், ஏற்கெனவே பதிவாகியிருப்பதை வைத்தே ஜெயிக்க முடியும்.

முதலில் காலக்கெடு. அமர்வு நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்வது உரிமை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374-ஆம் பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 415-ஆம் பிரிவாக இருக்கிறது. தீர்ப்புத் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்களை இதில் கழித்துக்கொள்ளலாம். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள்தான். கெடு தாண்டிவிட்டாலும் காரணம் சொல்லித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மனுப் போடலாம். சிறையில் இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் இதில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. தீர்ப்பின் நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீலுக்குத் தகுதி உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே இதற்கான சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆயுள் தண்டனை மேல்முறையீட்டை இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும். அவர்கள் முன்னால் சாட்சிகள் கூண்டேற மாட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் பதிவான வாக்குமூலங்கள், சான்றாகக் குறியிட்ட ஆவணங்கள், தீர்ப்பு எல்லாம் ஒரு கட்டாக அச்சாகி வரும். அந்தப் பேப்பர் புக்தான் இனி உங்கள் தம்பியின் வழக்கு. அதில் இல்லாத எதுவும் நடக்காததுக்குச் சமம். ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் உயர் நீதிமன்றம் தானே படித்துத் தன் முடிவுக்கு வர வேண்டும். கீழ் நீதிபதி நம்பினார், அதனால் நாங்களும் நம்புகிறோம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. உச்ச நீதிமன்றத்தில் இந்த வசதி கிடையாது. இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால் அங்கே உண்மை விவரங்களை மறுபடி கிளறுவது அபூர்வம். அதனால் உயர் நீதிமன்றத்தைத்தான் சாட்சியத்தை முழுதாக அலசும் கடைசி இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் "போதிய ஆதாரம் இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எல்லா மேல்முறையீட்டு மனுவிலும் முதல் பத்தி அதுதான். எந்த இடத்தில் போதவில்லை, எந்தச் சாட்சியின் எந்த வரியில் போதவில்லை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். தம்பி நிரபராதி என்று நிரூபிக்கும் பாரம் உங்களுக்கு இல்லை. உண்மையில் யார் வெட்டினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. குடும்பத்தார் பெரும்பாலும் இதில்தான் சக்தியை வீணாக்குகிறார்கள். ஊரில் யார் மேல் சந்தேகம் என்று நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அது வேண்டாம்.

நேரில் பார்த்தவர் இல்லாத வழக்கைச் சூழ்நிலைச் சாட்சிய வழக்கு என்போம். இதற்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் வகுத்தது. மனைவிக்கு விஷம் கொடுத்துக் கொன்றதாகத் தூக்கு விதிக்கப்பட்டு, மும்பை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்த பிறகு விடுதலையான வழக்கு அது. அதில் சொன்னவற்றில் உங்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒவ்வொரு சூழ்நிலையும் முதலில் தனித்தனியாக முழுதாக நிரூபணமாக வேண்டும். நிரூபணமாகியிருக்கலாம் என்பது போதாது. அப்புறம், நிரூபணமானவை எல்லாம் சேர்ந்த சங்கிலி குற்றவாளி இவர்தான் என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான முடிவுக்கும் இடம் தரக் கூடாது. பல தீர்ப்புகளில் முதல் படியைத் தாண்டிவிட்டு நேரே இரண்டாவதுக்குப் போய்விடுகிறார்கள். அரைகுறையாக நிரூபணமான மூன்று விஷயங்களைக் கூட்டினால் முழு நிரூபணம் வராது. இந்த இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் தம்பியின் மூன்று கண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்றாகப் பார்த்த சாட்சி. இரவு எத்தனை மணிக்குப் பார்த்தார்? உடல் எப்போது கிடைத்தது? பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இறப்பு நேரத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்பது மணிக்கு ஒன்றாகப் பார்த்து, உடல் மறுநாள் மதியம் கிடைத்து, மருத்துவர் "12 முதல் 18 மணி நேரத்துக்கு முன்" என்று சொல்லியிருந்தால், இடையில் வேறு யாரும் வந்திருக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? நேர இடைவெளி நீள நீள இந்தச் சாட்சியத்தின் பலம் குறையும். கடைசியாக ஒன்றாகப் பார்த்தார்கள் என்பதை மட்டும் வைத்துத் தண்டிப்பது பாதுகாப்பானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. "பிரிந்து போனதற்குத் தம்பிதான் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்று தீர்ப்பில் எழுதியிருக்கலாம். அரசுத் தரப்பு தன் கடமையைச் செய்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியே வரும்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தச் சாட்சி போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் எந்தத் தேதியில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது? அதில் நீதிமன்றத் தேதி முத்திரை இருக்கும். மறுநாளே விசாரித்ததாகச் சொல்லப்படும் சாட்சியின் வாக்குமூலம் மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடுதான் வந்தது என்றால், ஏன் என்று நீதிபதிகள் கேட்பார்கள். முதல் தகவல் அறிக்கையும் இப்படித்தான். கொலை வழக்கில் காவலர் ஒருவர் அதை உடனே நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நள்ளிரவானாலும் வீட்டுக்கே போய்க் கொடுப்பார்கள். நடுவர் கையெழுத்துப் போட்டு மணியும் குறிப்பார். காலை எட்டு மணிக்குப் பதிவானது மாலை ஏழு மணிக்குத்தான் கைக்கு வந்தது, நடுவில் தூரம் வெறும் ஆறு கிலோமீட்டர் என்றால், அந்த இடைவெளியில் உட்கார்ந்து யோசித்து எழுதினார்களோ என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது. மற்றப் பலவீனங்களோடு சேரும்போதுதான் அதற்கு எடை.

அடுத்து அரிவாள். இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் பாதி இந்த ஒரு காகிதத்தில்தான் நிற்கும். போலீஸ் காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகச் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது, புதிய பி.எஸ்.ஏ. சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆவணப் பட்டியலில் "ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி" என்று இருக்கும்.

அந்தப் பகுதியை எடுத்துப் படியுங்கள். "நான் அவனை வெட்டிய அரிவாளைக் கண்மாய்க் கரை முட்புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், கூட்டிக்கொண்டு போனால் எடுத்துத் தருகிறேன்" என்கிற மாதிரி இருக்கும். இதில் "நான் அவனை வெட்டிய" என்பது செல்லாது. புலுகுரி கோட்டய்யா வழக்கில், வெள்ளையர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றைக்கும் சட்டம்: கண்டுபிடிக்கப்பட்டது அந்தப் பொருள் இருந்த இடமும், அது அங்கே இருப்பது இவருக்குத் தெரியும் என்பதும்தான். அது எதற்குப் பயன்பட்டது என்பது கண்டுபிடிப்பு ஆகாது. ஆகவே மிஞ்சுவது, முட்புதரில் ஓர் அரிவாள் இருப்பது தம்பிக்குத் தெரியும் என்பது மட்டும். அந்த அரிவாளையும் கொலையையும் இணைக்கத் தனியாக ஆதாரம் வேண்டும். தடய அறிவியல் அறிக்கை அதில் மனித ரத்தம் என்கிறதா, இறந்தவரின் ரத்தப் பிரிவு என்கிறதா, அல்லது முடிவு தெரியவில்லை என்கிறதா? மருத்துவரிடம் அரிவாளைக் காட்டி இதனால் அந்தக் காயங்கள் ஏற்பட முடியுமா என்று கேட்டார்களா? கைப்பற்றிய நாளுக்கும் ஆய்வகத்துக்குப் போன நாளுக்கும் நடுவில் அது யாரிடம், முத்திரையோடு இருந்ததா? நாலு பேர் போய்வருகிற திறந்த இடத்திலிருந்து எடுத்ததா, மூடிய வீட்டுக்குள்ளிருந்தா? வி.ஏ.ஓ. குறுக்கு விசாரணையில், "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அதைச் சிவப்பு மையில் கோடிடுங்கள்.

பொருள் யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு இருக்கிறது. 2011-இல் அங்கே ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. தண்டிக்கப்பட்டவருக்குத் தூக்கு, மதுரைக் கிளையும் உறுதிசெய்தது. வழக்கின் முதுகெலும்பு டி.என்.ஏ. அறிக்கை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகளை அனுப்புவதில் தாமதம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குச் சரியான பதிவு இல்லை, கலப்படம் ஆகியிருக்க வாய்ப்பை ஒதுக்க முடியவில்லை. அறிவியல் சரியாக இருந்தும் அதற்குக் கொடுத்த பொருளை நம்ப முடியாமல் போனது. இனிமேல் மாதிரிகளை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அந்தத் தீர்ப்பிலேயே உத்தரவு போட்டார்கள். உங்கள் வக்கீல் இதை மேற்கோள் காட்டுவார்.

மூன்றாவது, சிசிடிவி. கடைக்காரர் காட்சிகள் பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியையே கொண்டுவந்து கொடுத்தாரா, பென்டிரைவில் நகல் எடுத்தார்களா? நகல் என்றால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கட்டாயம். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை உறுதிப்படுத்தினார்கள். புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இருந்தாலும், பதிவில் தெரிவது தம்பிதான் என்று யார் அடையாளம் சொன்னார்கள்? விசாரணை அதிகாரியே சொன்னாரா, தம்பியை முன்பே தெரிந்தவரா? நீதிமன்றத்தில் திரையிட்டார்களா? சென்னையில் 2017-இல் நடந்த ஒரு சிறுமியின் கொலை வழக்கில் விதித்த தூக்குத் தண்டனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, எல்லோரும் பேசிய அந்த சிசிடிவி பதிவு முறையான சான்றாக நீதிமன்றத்துக்கு வரவே இல்லை என்பதும் ஒரு காரணம். ஊரே கொதித்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பைத் திட்டாதவர் குறைவு. என்னைக் கேட்டால் கோபம் புலனாய்வு செய்தவர்கள் மேல் போயிருக்க வேண்டும்.

இந்த மூன்றைத் தாண்டி, எல்லா வழக்கிலும் நான் முதலில் திருப்பும் பக்கம் ஒன்று உண்டு. சாட்சியம் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வி கேட்பார். பழைய நடைமுறைச் சட்டத்தில் 313-ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 351. "உமக்கு எதிராக இன்ன சாட்சி இன்னது சொல்கிறார், என்ன சொல்கிறீர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சார்தா வழக்கிலேயே சொன்னார்கள்: கேட்கப்படாத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அச்சடித்த மாதிரிக் கேள்விகளை வாசித்துவிட்டு "பொய்" "பொய்" என்று பதில் எழுதி முடித்த வழக்குகள் நிறைய. தீர்ப்பு எந்தச் சூழ்நிலையை நம்பித் தண்டித்ததோ அது அந்தக் கேள்விகளில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்காததால் தம்பிக்குப் பாதகம் ஏற்பட்டது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும்.

எடுபடாத வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி இறந்தவரின் சொந்தக்காரர், அதனால் நம்பக் கூடாது என்பது எடுபடாது. சொந்தக்காரர் சாட்சியத்தை உன்னிப்பாகப் பார்ப்பார்கள், தூக்கிப் போட மாட்டார்கள். ஒரே ஒரு சாட்சிதானே என்பதும் அப்படித்தான். அந்நாளைய மதராஸ் மாநிலத்திலிருந்து போன வடிவேலுத் தேவர் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம், தலைகளை எண்ணுவதில்லை, சாட்சியத்தின் தரத்தைத்தான் பார்ப்போம் என்று சொல்லி, ஒரே சாட்சியை நம்பித் தண்டனையை உறுதிசெய்தது. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்றால் அவர் சொன்னது முழுதும் அழிந்துவிடாது. மற்றச் சான்றோடு ஒத்துப்போகும் பகுதியை எடுத்துக்கொள்வார்கள். சட்டை நீலமா பச்சையா என்கிற மாதிரியான சில்லறை முரண்பாடுகளும் உதவாது.

முரண்பாடு பற்றி இன்னொரு முக்கியமான சங்கதி. சாட்சி போலீசிடம் ஒன்று சொல்லி, கூண்டில் வேறு சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணையின்போது உங்கள் வக்கீல் அந்த முரண்பாட்டைச் சாட்சியிடம் காட்டிக் கேட்டு, பிறகு விசாரணை அதிகாரியிடமும் கேட்டுப் பதிவு செய்திருந்தால்தான் மேல்முறையீட்டில் அதைப் பயன்படுத்தலாம். கேட்காமல் விட்டிருந்தால், போலீஸ் வாக்குமூலத்தை இப்போது தூக்கிக் காட்ட முடியாது. கீழ்க் கோர்ட்டில் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யாத வழக்கு மேலே போய்த் திணறுவது இதனால்தான்.

புதுச் சாட்சிக்கு முழுக் கதவடைப்பு இல்லை. பி.என்.எஸ்.எஸ். 432-ஆம் பிரிவில் கூடுதல் சாட்சியம் எடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விசாரணையில் விட்ட ஓட்டையை அடைக்க அதைத் தர மாட்டார்கள். அப்போது கையில் கிடைத்திருக்க முடியாத, வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

தம்பி வெளியே வருவது பற்றி. மேல்முறையீட்டோடு சேர்த்து, அதே சட்டத்தின் 430-ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படி மனுப் போடுவார்கள். ஆயுள் தண்டனை என்பதால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முதல் மனு தள்ளுபடியானால் உடைந்துவிடாதீர்கள். சில காலம் கழித்து மறுபடி போடலாம். மேல்முறையீட்டை வருடக்கணக்கில் கேட்க முடியாத நீதிமன்றம் அதுவரை ஒருவரை உள்ளே வைத்திருப்பது நியாயமில்லை என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது. ஜாமீன் கிடைத்ததும் வக்கீலைப் பார்ப்பதையே விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. வழக்கு பட்டியலில் வரும்போது யாரும் இல்லை என்றாலும் அதற்காகத் தள்ளுபடி செய்யக் கூடாது, தகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1996-இல் பானி சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இருந்தாலும் உங்கள் வழக்கை முழுதாகப் படித்த வக்கீல் நிற்பதற்கும், அன்றைக்கு நியமித்த ஒருவர் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கும்.

முடிவு மூன்று நான்கு வகையில் வரலாம். விடுதலை, கொலைக் குற்றத்தை அதைவிடக் குறைந்த 'கொலையாகாத மரணம்' என்ற குற்றமாக்கித் தண்டனையைக் குறைப்பது, மறுவிசாரணைக்கு அனுப்புவது, தள்ளுபடி. நீங்கள் போட்ட மேல்முறையீட்டிலேயே தண்டனையைக் கூட்ட முடியாது, அந்தப் பயம் வேண்டாம். குறைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை: "திடீர்க் கோபத்தில் நடந்தது" என்ற மாற்று வாதம் உங்கள் தம்பி "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லியிருக்கும் வழக்கில் முதல் வாதத்தின் காலை வாரும். எதை முன்வைப்பது என்று வக்கீலோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள்.

தள்ளுபடியானால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போட 90 நாள். விடுதலையானால் அரசும் இறந்தவரின் குடும்பமும் அதே கதவைத் தட்டலாம். அப்புறம், "சந்தேகத்தின் பலன்" கொடுத்து விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால், சிறையிலிருந்து வெளியே வருவதற்கு அது முழு விடுதலைதான். ஆனால் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி அப்படி விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். தம்பிக்கு அந்த மாதிரி வேலை எண்ணம் இருந்தால், அரசுத் தரப்பு வழக்கை நிரூபிக்கவே இல்லை என்று தீர்ப்பில் தெளிவாக எழுதும்படி வாதத்தின்போதே கேட்கச் சொல்லுங்கள்.